கூரையைக் கழற்றினால் சுவர் என்ன ஆகும்?

புது வீட்டுக்குத் தளம் போடுவதற்கு நல்ல நாள் பார்க்கிறோம். கலவை மெஷினுக்குச் சந்தனம், குங்குமம். மேஸ்திரிக்கு வேட்டி, துண்டு. வேலை முடிந்ததும் ஆட்களுக்குச் சாப்பாடு. பழைய வீட்டின் கூரையைப் பிரிக்கும் நாளுக்கு இந்த மரியாதை பெரும்பாலும் கிடைப்பதில்லை. நான்கு சம்மட்டி, இரண்டு கடப்பாரை, கழிவை அள்ள ஒரு டிராக்டர். அவ்வளவுதான் தேவை என்று நினைத்துக்கொள்கிறோம். கட்டுமான அறிவியலின் கையில் விட்டால் வேட்டியையும் துண்டையும் பிரிக்கும் மேஸ்திரிக்குத்தான் அது கொடுக்கும்.

வேலை முடிந்தபின் பார்த்தால் புது வீடும் கூரை மாற்றிய பழைய வீடும் ஒன்றுதான். நான்கு சுவர், அதன்மேல் ஐந்து அங்குலக் கான்கிரீட். வேறுபாடு அங்கே போய்ச் சேரும் வழியில் இருக்கிறது. புது வீட்டில் அஸ்திவாரம், சுவர், லிண்டல் எல்லாமே இனி வரப்போகும் ஒரு கூரைக்காகக் கணக்கிட்டுக் கட்டப்பட்டவை. சுமை ஒரே திசையில், கீழிருந்து மேலாக, மெல்ல ஏறுகிறது. பழைய வீடு அப்படியில்லை. ஐம்பது, அறுபது ஆண்டுகளாக ஒரு குறிப்பிட்ட கூரையின் கீழே அது நின்றிருக்கிறது. அந்த எடைக்குச் சுவர் நசுங்கியிருக்கிறது, மண் இறுகியிருக்கிறது, விரிசல் விடவேண்டிய இடத்தில் விட்டு அடங்கியிருக்கிறது. அந்தக் கூரையை எடுத்ததும் அதுவரை நிலவிய சமநிலை போய்விடுகிறது. புதுத் தளம் வேறொரு சமநிலையைக் கேட்கிறது. எனவே கூரையை மாற்றும் வேலைக்கான கணக்கு சுவரிலிருந்தும் மண்ணிலிருந்தும் தொடங்க வேண்டும். கூரை அதற்குப் பிறகுதான் வரும்.

புதுத் தளத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பத்து சதுரம், அதாவது 1000 சதுர அடி வீடு. ஐந்து அங்குலத் தளம். கன அளவு ஏறக்குறைய பதினொன்றரை கன மீட்டர். கம்பியோடு சேர்த்துக் கன மீட்டருக்கு இரண்டரை டன் என்று வைத்தால் மொத்த எடை 29 டன். கான்கிரீட் போட்ட அன்று சாயங்காலம் இந்த 29 டன்னுக்குத் தன்னைத் தாங்கிக்கொள்ளும் வலு துளிகூட இல்லை. முழு எடையும் சென்டரிங் பலகை வழியாகச் சவுக்குக் கட்டைகளிலும் ஜாக்கிகளிலும் இறங்கி, தரையில் போய் உட்காருகிறது. சதுர மீட்டருக்கு ஒரு முட்டு வைத்தாலும் ஒவ்வொரு முட்டின் தலையிலும் 300 கிலோவுக்கு மேல். அந்த முட்டு நிற்பதோ சமீபத்தில் கொட்டி நிரப்பிய மண்ணில். கலவையிலிருந்து ஒழுகும் நீர் அதே மண்ணை நனைக்கிறது. அடியில் பலகைத் துண்டு வைக்காத முட்டு ஓர் அங்குலம் இறங்கினால் மேலே தளமும் அங்கே அவ்வளவு தொய்யும். அந்தத் தொய்வோடேயே அது கல்லாகிவிடும். சில வீடுகளில் மொட்டைமாடியின் நடுவே மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லாவது என்று சொன்னது சும்மா இல்லை. கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். காய்வதற்கும் இறுகுவதற்கும் சம்பந்தமில்லை. நீருக்கடியில்கூட அது இறுகும். சிமென்டிலுள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் நீரோடு வினைபுரிந்து நுண்ணிய இழைகளாகவும் படிகங்களாகவும் வளர்கின்றன. அந்த வளர்ச்சிதான் ஜல்லியையும் மணலையும் பிடித்துக் கட்டுகிறது. 50 கிலோ மூட்டை ஒன்று இந்த வினையில் உண்மையாகக் கட்டிப்போடும் நீர் 12 லிட்டர் அளவுதான். கலவை கம்பிகளுக்கிடையே புகுந்து போக வேண்டும் என்பதற்காக 25 லிட்டர் வரை ஊற்றுகிறோம். வினையில் சேராத நீர் பிறகு ஆவியாகி வெளியேறும்போது தான் இருந்த இடங்களை நுண்துளைகளாக விட்டுவிட்டுப் போகிறது.

“சார், கலவை கெட்டியா இருக்கு. இன்னும் ரெண்டு குடம் ஊத்திக்கலாமா?” என்று கேட்பவருக்கு அன்றைய வேலை சுலபமாகும். அதனால் பெருகும் துளைகளின் வழியே அடுத்த நாற்பது ஆண்டுகள் எந்தக் காற்று உள்ளே போகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தியத் தர விதிமுறையான ஐ.எஸ். 456, சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்ற வேண்டும் என்கிறது. சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாள். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டை 7 நாளிலும் அதற்கு மேற்பட்டதை 14 நாளிலும் எடுக்கலாம் என்கிறது. இந்தக் கணக்கு சாதாரண சிமென்டுக்கானது. இன்று கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. அது இறுதியில் நல்ல வலுவைத் தந்தாலும் முதல் வாரத்தில் மந்தமாகவே நகரும். சென்டரிங் வாடகை ஏறுகிறதே என்று ஏழாம் நாள் முட்டைத் தட்டுகிறவர்கள் விதிமுறையின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள்.

கம்பி எங்கே கிடக்கிறது என்பது அது எத்தனை மில்லிமீட்டர் கம்பி என்பதைவிடச் சில சமயம் முக்கியம். கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தாங்கும். அறையின் நடுவே தளம் கீழ்நோக்கி வளைவதால் அடிப்புறம் இழுபடுகிறது. அங்கே கம்பி அடியில். சுவரைத் தாண்டி நீளும் சன்ஷேடிலும் பால்கனியிலும் மேற்புறம்தான் இழுபடுகிறது. அங்கே கம்பி மேலே. கான்கிரீட் போடும் அவசரத்தில் பாண்டுச் சட்டியோடு நடக்கும் கால்கள் மேல்கம்பியை மிதித்து இறக்கிவிடுகின்றன. ஐந்து அங்குலப் பால்கனியில் கம்பி ஓர் அங்குலம் இறங்கினால் வலுவில் கால்பங்கு போய்விடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது.

புதுத் தளத்தின் சிக்கல்கள் ஏறக்குறைய இவ்வளவுதான். எல்லாம் பொருளின் குணத்தைச் சார்ந்தவை. எல்லாம் கண்முன்னே, அந்த ஒரு மாதத்துக்குள் நடப்பவை. கவனமாக இருந்தால் சமாளிக்கலாம்.

இப்போது பழைய வீட்டுக்கு வருவோம். கூரையைச் சுவர் தாங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சுவரைக் கூரை தாங்குகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, ஒரு முனையை மட்டும் மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, மற்றப் பக்கத்தைத் தள்ளிப் பாருங்கள். பிறகு இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நடுவில் தள்ளுங்கள். காற்றை எதிர்த்து நிற்கும் சுவரும் இதே மாதிரிதான். கூரையில்லாத சுவருக்கு அடியில் மட்டுமே பிடிப்பு. கூரை வந்து உட்கார்ந்ததும் உச்சியிலும் ஒரு பிடிப்பு கிடைக்கிறது. இந்த ஒரு மாற்றத்தால், அதே காற்று சுவரை வளைக்கும் அளவு நான்கில் ஒன்றாகக் குறைகிறது.

ஒரு தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மூன்று மீட்டர் உயரம். பழைய சுண்ணாம்புச் சாந்துக்கு இழுவிசையைத் தாங்கும் வலு இல்லை என்று வைத்துக்கொள்வோம். உண்மையும் அதற்கு அருகில்தான். இந்தச் சுவரின் ஒரு மீட்டர் நீளத்துண்டு 1300 கிலோ இருக்கும். கூரையும் குறுக்குச் சுவரும் இல்லாமல் தனியாக நின்றால், மணிக்கு 85 கிலோமீட்டர் வேகக் காற்று அதைச் சாய்த்துவிடும். அதே சுவரின் தலையில் நான்கு மீட்டர் அகல அறையின் தளம் உட்கார்ந்திருக்கட்டும். உச்சியின் பிடிப்போடு கூரையின் எடையும் செங்கல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திப் பிடிக்கிறது. இப்போது மணிக்கு 140 கிலோமீட்டர் காற்றிலும் அது நிற்கும். கூரையின் எடையைச் சுவருக்குப் பாரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். காற்று அடிக்கும் நாளில் அந்தப் பாரம்தான் சுவரைப் பிடித்து நிறுத்துகிறது.

நிஜ வீட்டில் குறுக்குச் சுவர்கள் உண்டு, அவையும் தாங்கும். என்றாலும் நீளமான ஹால் சுவர், ஜன்னல்களால் துண்டு துண்டாகப் பிரிந்த முகப்புச் சுவர் ஆகியவற்றின் நிலைமை இந்தக் கணக்கை ஒட்டியே இருக்கும். புது வீட்டிலும் தளம் வரும்வரை சுவர் தனியாகத்தானே நிற்கிறது என்று கேட்கலாம். நிற்கிறது. ஆனால் அது சிமென்ட் சாந்தில் நிற்கிறது. நிமிர்ந்து, தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்கிறது. நனைந்து காய்ந்து உதிர்ந்த சாந்தோடு அரை அங்குலம் வெளியே சாய்ந்த சுவராக அது நிற்பதில்லை.

சென்னையின் பழைய தெருக்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள், கூரை மாற்றத்தைப் பற்றி யோசிக்க மிகச் சரியான எடுத்துக்காட்டு. எனக்குத் தெரிந்த கூரை முறைகளில் இதுதான் மிகவும் புத்திசாலித்தனமானது என்பேன். அறையின் குறுகிய பக்கம் எதுவோ அந்தத் திசையில் தேக்குச் சட்டங்களை நெருக்கமாக வரிசையாக வைக்கிறார்கள். அவற்றின்மேல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம் கொண்ட சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சாய்த்து, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குகிறார்கள். அடியில் சென்டரிங் கிடையாது. கொத்தனார் ஒரு மூலையில் சின்ன முக்கோணமாக ஆரம்பித்து வரிசை வரிசையாக முன்னேறுகிறார். புதிதாக வைக்கும் கல், முந்தைய வரிசையில் ஒட்டிக்கொண்டே நிற்கிறது. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த படுகை. அதை மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். தட்டத் தட்டக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள்.

வெல்லம் சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டுகிறது. அதே வெல்லத்தைச் சிமென்ட் கலவையில் போட்டால் காரியம் கெட்டுவிடும். சிமென்ட் எடையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரை சேர்ந்தாலே அது இறுகப் பல மணி நேரம் தாமதமாகும். இதைவிடச் சுவையான முரண் ஒன்று உண்டு. சுண்ணாம்பு இறுகக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அந்த வாயுவை உறிஞ்சித்தான் அது மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. கான்கிரீட்டுக்குள் அதே வாயு புகுந்து அதே வினையைச் செய்யும்போது கம்பியின் பாதுகாப்பு பறிபோகிறது. ஒரே வேதிவினைதான். பாட்டன் வீட்டுக் கூரை அதனால் வலுத்தது. பேரன் வீட்டுக் கூரை அதனால் நலிகிறது.

மெட்ராஸ் டெரஸ் தோற்பது பெரும்பாலும் நடுவில் அல்ல, ஓரத்தில். தேக்குச் சட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் தங்குகிறது, காற்று புகுவதில்லை. அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் மரம் பளபளவென்றுதான் இருக்கும். சுவருக்குள் ஆறு அங்குலம் பொடியாகிப் போயிருக்கும். இப்படி நான்கைந்து சட்டங்கள் போனதும், “மொத்தமாப் பிரிச்சிட்டுக் கான்கிரீட் போட்டுடலாம்ணே” என்ற யோசனை வருகிறது. இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம் முழுசாகத் தெரிகிறது.

எடையை முதலில் பார்ப்போம். மூன்று அங்குலச் செங்கல், மூன்று அங்குல ஜல்லிப் படுகை, இரண்டு அங்குலத் தட்டோடும் சாந்தும்: சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 375 கிலோ. ஐந்து அங்குலக் கான்கிரீட் மட்டும் என்றால் 310 கிலோ. குறைந்துதானே இருக்கிறது என்று திருப்தி அடையலாம். அதன்மேல் வெயிலையும் மழையையும் தடுக்கும் நான்கு அங்குல வெதரிங் கோர்ஸும் போட்டால் 500. சுவருக்கு எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. இதுகூடப் பரவாயில்லை. முக்கால் அடி, ஒன்றரை அடிக் கனமுள்ள பழைய சுவர்கள் இந்த எடையைத் தாங்கிக்கொள்ளும்.

பெரிய சிக்கல் எடையின் அளவில் இல்லை. அது இறங்கும் இடத்தில் இருக்கிறது. தேக்குச் சட்டங்கள் ஒரே திசையில் கிடந்தவை. அவை தம் சுமை முழுவதையும் இரண்டு நீளச் சுவர்களில் மட்டுமே இறக்கின. மற்ற இரண்டு சுவர்களும் எண்பது ஆண்டுகளாகத் தம் எடையைத் தவிர வேறெதையும் சுமந்ததில்லை. பழைய கொத்தனார்களுக்கு இது தெரியும்; அதனால் அந்தச் சுவர்களை மெல்லியதாகவும் அவற்றின் அஸ்திவாரத்தை ஆழம் குறைவாகவும் எழுப்பியதுண்டு. கான்கிரீட் தளமோ, அறையின் நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்குள் இருந்தால், இரு திசையிலும் வளைந்து நான்கு சுவர்களிலும் சுமையைப் பங்கிடும். அதுவரை சும்மா நின்ற சுவர் முதல் தடவையாகப் பாரம் சுமக்கிறது. அதன் அடியிலுள்ள மண்ணும் அப்படியே. நீளச் சுவர்களின் கீழே களிமண் பல பத்தாண்டுகளாக நீரைக் கக்கி இறுகி முடிந்துவிட்டது. குறுக்குச் சுவரின் கீழே அந்த இறுக்கம் இனிதான் ஆரம்பம். ஆக ஒரே அறையின் இரண்டு சுவர்கள் அசையாமல் நிற்க, மற்ற இரண்டும் சில மில்லிமீட்டர் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பார்த்துவிட்டுப் புதுத் தளத்தைப் பழிப்பார்கள். தளத்தில் ஒரு குறையும் இருக்காது.

இதற்கு மாற்று உண்டு. பழைய சட்டங்கள் ஓடிய அதே திசையில் மட்டும் வளையுமாறு தளத்தை வடிவமைத்து, குறுக்குச் சுவரைத் தொடாமல் ஒரு சிறு இடைவெளி விடலாம். அல்லது சுவர்களின் உச்சியில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பெல்ட் ஓட்டி, சட்டங்களைப் பிடுங்கியதால் ஏற்பட்ட பொந்துகளையும் அடைத்து, சுமையைச் சீராகப் பரப்பலாம். பெல்ட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. கான்கிரீட்டின் வெப்பநிலை 20 டிகிரி ஏறினால் பத்து மீட்டர் தளம் இரண்டு மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். சுண்ணாம்புச் சுவரின்மேல் நேரடியாக உட்கார்ந்தால் தினமும் அதன் மேல்வரிசைச் செங்கற்களை இழுத்துத் தள்ளும். தளத்துக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடும் விரிசலின் மூலம் இதுதான். பெல்ட்டின் மேற்பரப்பை மழமழவென்று பூசி, இடையில் தடித்த பாலித்தீன் தாளை விரித்தால் தளம் அதன்மேல் வழுக்கிக்கொள்ளும்.

பழைய கூரையே கான்கிரீட்டாக இருந்தால் கதை வேறு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகளில் இன்று காரை பெயர்ந்து, துருக்கம்பி பல்லிளிப்பதைப் பார்க்கிறோம். புதிய கான்கிரீட் கடுமையான காரம், அதன் பி.எச். மதிப்பு 12-க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. அதிகப்படி நீர் விட்டுச் சென்ற அந்த நுண்துளைகள் வழியே கார்பன் டை ஆக்சைடு உள்ளே வந்து, காரத்தை மெல்ல மெல்ல முறிக்கிறது. இந்த முறிவு காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப முன்னேறும். பத்து ஆண்டில் 10 மில்லிமீட்டர் போயிருந்தால் நாற்பது ஆண்டில் 20. கம்பிக்கு அடியில் இருக்க வேண்டிய கான்கிரீட் மூடாக்கு, அதாவது கவர், சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டர் என்பதை நினைவில் கொண்டால், நாற்பது வயது வீடுகள் ஏன் ஒரே சமயத்தில் காரை உதிர்க்க ஆரம்பிக்கின்றன என்பது விளங்கும். கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகைமேலேயே போட்ட வீட்டுக்கு நாற்பது வயது வரை பொறுமை இருக்காது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். அந்த வீக்கம்தான் கவரைப் பிளந்து தள்ளுகிறது. கடலோரத்தில் உப்புக் காற்று இந்த வேலையை முடுக்கிவிடும். உப்பு நீரில் கலந்து போட்ட தளத்துக்குப் பகை உள்ளேயே குடியிருக்கிறது.

எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைக் கண்டறிய, பள்ளிக்கூட வேதியியல் கூடத்துப் பொருள் ஒன்றே போதும். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். காரம் உயிரோடு இருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும். முறிந்த பகுதி நிறம் மாறாது. சிவப்பு கம்பிக்குக் கீழேயே தொடங்கிவிட்டால் பழுதுபார்க்கலாம். கம்பியையும் தாண்டி மேலேதான் தொடங்கினால் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். சில நிமிட வேலை. கூரையை மாற்றலாமா வேண்டாமா என்று ஆறுமாதம் விவாதிக்கும் குடும்பங்கள் இந்தச் சோதனையைச் செய்வது அபூர்வம்.

பழுதுபார்ப்பதிலும் புதுசும் பழசும் சேர்ந்த இடத்துக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. உப்பேறிய தளத்தில், துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புதுக்கலவை பூசுகிறோம். ஓரிரு மழைக்காலம் கழித்து, பூசிய இடம் நன்றாக இருக்க, அதைச் சுற்றிலும் காரை விழுகிறது. துரு ஒரு மின்வேதி வினை. துருப்பிடிக்கும் புள்ளி தன்னைப் பலிகொடுத்துப் பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்தப் புள்ளியைப் புதிய காரக் கலவையால் குணப்படுத்தியதும் பலியாகும் முறை பக்கத்துக் கம்பிக்கு வருகிறது. இதை அறியாமல் மேஸ்திரி ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

ஓர் அறையின் தளத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதும் பார்ப்பதற்குத்தான் எளிது. இரண்டு அறைகளின்மேல் தொடர்ச்சியாக ஓடும் தளத்தில், நடுச்சுவருக்கு இந்தப் பக்கமுள்ள பகுதியும் அந்தப் பக்கமுள்ள பகுதியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றை வெட்டினால் மற்றதன் நடுவில் வளைப்பு ஏறக்குறைய 1.8 மடங்காக உயரும். அங்கே அடியில் கிடக்கும் கம்பி குறைந்த வளைப்புக்காகப் போடப்பட்டது. அதனால் இடிக்கப்போகும் அறைக்கு மட்டுமல்லாமல், இடிக்காத பக்கத்து அறைக்கும் முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். சன்ஷேடும் பால்கனியும் இன்னும் ஆபத்தானவை. அவை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதே உள்பக்கத் தளமோ மேலேயுள்ள சுவரோ பின்முனையை அழுத்திப் பிடிப்பதால்தான். உள்தளத்தை முதலில் உடைத்தால், நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் ஆட்களோடு சேர்ந்து முன்னால் கவிழும். நீண்டிருப்பதை முதலில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கட்டிய வரிசைக்கு நேர் தலைகீழ் வரிசையில் பிரிப்பதே பாதுகாப்பு. ஆனால் எந்த வரிசையில் கட்டினார்கள் என்று தெரிந்தவர் பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை. வரைபடம் இருந்தாலும் கம்பி அதன்படி போடப்பட்டதா என்பது வேறு கேள்வி.

இனி ஓட்டு வீடு. மங்களூரில் பாசல் மிஷனின் முதல் ஓட்டுத் தொழிற்சாலை 1865-இல் தொடங்கியபின் நம் பக்கமும் பரவிய சீமை ஓடு, மரத்தோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 60 கிலோ அளவு இருக்கும். குரங்கு உடைத்தது, கைமரம் செல்லரித்தது என்று அதை எடுத்துவிட்டு மெட்டல் ஷீட் போடுகிறார்கள். அதன் எடை 5 கிலோ. எடை குறைந்தால் வீட்டுக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் கூரையின்மேல் காற்று விரைந்து ஓடும்போது மேலே அழுத்தம் குறைந்து, கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டரை ஒட்டி வீசியது. அந்த வேகத்தில் உறிஞ்சும் விசை சதுர மீட்டருக்கு 100 கிலோ வரை போகும். கான்கிரீட் தளத்துக்கு இது ஒரு பொருட்டல்ல. ஓட்டுக் கூரை தன் எடையால் பாதிக்கு மேல் சமாளிக்கும். ஓடுகளின் இடுக்கு வழியே காற்று கசிவதால் மேலும் கீழும் அழுத்தம் ஓரளவு சமமாவதும் அதற்குச் சாதகம். ஷீட்டுக்கு இடுக்கும் கிடையாது, எடையும் கிடையாது. மீதி 95 கிலோவையும் ஆணியும் போல்ட்டும்தான் பிடிக்க வேண்டும். அந்தப் போல்ட் ரீப்பரோடு நின்றுவிட்டால், ஷீட் ரீப்பரையும் கூட்டிக்கொண்டு பறக்கும். பிடிப்பு ஷீட்டிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து சுவருக்கு, சுவரின் உச்சியிலிருந்து குறைந்தது மூன்று நான்கு அடி கீழே வரை கம்பியால் தொடர வேண்டும். பழைய ஓட்டுக் கூரையில் இப்படி ஒரு பிணைப்பு இருந்திருக்காது, தேவைப்படவில்லை. புதுசுக்குத் தேவை.

கூரையை மாற்றாமலே தள்ளிப்போடுகிறவர்களும் ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒழுகும் தளத்தின்மேல் ஒரு பூச்சு, ஐந்தாண்டு கழித்து அதன்மேல் இன்னொன்று, அப்புறம் டைல்ஸ். ஓர் அங்குலச் சாந்து சதுர மீட்டருக்கு 50 கிலோ. மனிதர் நடமாட்டத்துக்கும் சாமான்களுக்கும் சேர்த்து மொட்டைமாடிக்குக் கணக்கில் ஒதுக்கும் சுமையே 150 கிலோதான். மூன்று அங்குலத்தில் அது தீர்ந்துவிடுகிறது. அதற்குப்பின் மாடியில் கூடும் கல்யாணக் கூட்டத்தின் எடை முழுக்கப் பாதுகாப்பு விளிம்பிலிருந்து எடுக்கப்படும் கடன். துரு தின்ற கம்பியில் அந்த விளிம்பு ஏற்கெனவே குறைந்திருக்கும்.

மாற்றுவது என்று முடிவானால் மாதம் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் கூரையில்லாமல் நின்றாலும் புது வீட்டின் சிமென்ட் சுவருக்குக் கெடுதல் குறைவு. நீராற்றல் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். மண்ணிலோ சுண்ணாம்பிலோ எழுந்த பழைய சுவர் தலை திறந்து நனைந்தால் உச்சியிலிருந்து சாந்து கரைந்து இறங்கும். தன் எடையில் ஆறில் ஒரு பங்கு வரை நீரைக் குடிக்கும் செங்கல் கனத்துப்போகும். கூரை பிரித்த சுவர் மிகப் பலவீனமாக நிற்கும் நாட்களில் மழையும் காற்றும் சேர்ந்து வரக்கூடாது. ஆகவே தை பிறந்தபின் பிரித்து, பங்குனிக்குள் தளம் போட்டுவிடுவது நல்லது. சித்திரை, வைகாசிக்குத் தள்ளினால் வேறு தொல்லை: உச்சி வெயிலில் போட்ட கான்கிரீட்டின் மேற்பரப்பு நீர், சிமென்ட் வினைபுரிவதற்குள் ஆவியாகி வெடிப்பு விடும். அப்படித் தள்ளிப்போனால் சாயங்காலம் தொடங்கி இரவில் முடிக்கலாம். தளம் போடுவதற்கு முன்பு, பழைய சுவரின் உச்சியை நன்றாக நனைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்து கிடக்கும் செங்கல் புதுக்கலவையின் நீரைக் குடித்துவிடும். பிரித்த நாளிலிருந்து தளத்தின் முட்டு எடுக்கும் நாள் வரை நீளச் சுவர்களுக்கு இருபுறமும் சாய்வு முட்டுகள் நிற்க வேண்டும். மேஸ்திரி கொடுக்கும் மதிப்பீட்டில் இந்த முட்டுகளுக்கு ஒரு வரி இல்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.